நம்ம மீட்டரை நாமே படிப்போம்!

(மின்கட்டணச் சுமை குறித்து நடந்த உழவர் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. வீட்டில் வைத்துப் படிக்க வேண்டும் என்று தாய்மார்கள் பலர் கேட்டுக்கொண்டதால் துண்டறிக்கையாக அச்சிடப்படுகிறது.)

 

ஒரே ஒரு கேள்வி கேக்கறனுங்க. மஞ்சள் மூட்டையைக் கொண்டு போய் எடை போடும்போது தராசைப் பார்க்காத விவசாயி நம்மில் யாராச்சும் உண்டா? பால் சொசைட்டியில் தினமும் காலையில் ஃபேட் எவ்வளவு, டிகிரி எவ்வளவு என்று அட்டையைப் பார்க்காமல் எந்தத் தாயாவது வீட்டுக்குத் திரும்பியது உண்டா? இல்லை. ஆனால் நம்ம வீட்டுத் திண்ணையில், நம்ம தலைக்கு மேலே, ராத்திரி பகல் இருபத்திநாலு மணி நேரமும் நம்ம பணத்தை எண்ணிக்கிட்டிருக்கிற ஒரு தராசு இருக்குது. அதை எத்தனை பேர் பார்க்கிறோம்? இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க வர்றவர் மட்டும்தான் அதைப் பார்க்கிறார். பில் வந்த பிறகு தலையில் கை வைக்கிறோம். "ஐயோ, இவ்வளவு எப்படி வந்துச்சு?" என்கிறோம். அவ்வளவோடு சரி.

இந்த நிலை மாறணும். அதுக்குத்தான் இன்றைக்கு இந்தக் கூட்டம்.

ஒரு பைசாவுக்குப் போராடிய மண் இது

மின்சாரத்துக்கும் கொங்கு மண்ணுக்கும் உள்ள உறவு புதுசு அல்ல. 1970-ல் மின்கட்டணத்தை உயர்த்தினதை எதிர்த்து இந்த மண்ணின் உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரமே ஸ்தம்பிக்கிற மாதிரி கட்டை வண்டிகளைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அந்தத் தியாகிகளை நினைத்துத்தான் ஜூலை 5-ம் நாளை உழவர் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். அந்தப் போராட்டங்களின் பலனாக 1990-ல் விவசாய மின்சாரம் இலவசமாச்சு. யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை, ரத்தம் சிந்தி வாங்கினது.

கட்டணம் ஏறினதை அன்றைக்கு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கணக்குப் பார்த்தார்கள். படிக்காதவர்கள்கூட யூனிட்டுக்கு இவ்வளவு, மோட்டார் ஓடினது இவ்வளவு, பருத்தி விற்றது இவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார்கள். 2022 கட்டணப்படி ஒரே ஒரு யூனிட் கூடினதுக்கு 233 ரூபாய் போனது. கேக்கறதுக்கு ஆள் இல்லை. அந்தக் கணக்கை இப்போது சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்

2022 செப்டம்பரில் வந்த கட்டண ஆணையை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு 2024 ஜூலையிலும் கட்டணம் ஏறியது. ஆனால் சூட்சுமம் புரிவதற்கு 2022 கணக்கு போதும்.

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இது 2016-ல் வந்தது. 2022 ஆணைப்படி, 500 யூனிட் வரை ஓட்டுகிற வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால் 225, அதோட 900, அதோட 600. மொத்தம் 1725 ரூபாய்.

இப்போது 501 யூனிட் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு யூனிட்தானே, எட்டு ரூபாய் கூடும் என்று நினைப்போம். அதுதான் இல்லை! 500-ஐத் தாண்டின வீட்டுக்கு அந்த 2 ரூபாய் 25 காசு என்கிற சலுகையே கிடையாது. 101 முதல் 400 வரை முழுவதும் 4 ரூபாய் 50 காசுக்குப் போய்விடும். 300 யூனிட்டுக்கு 1350, அடுத்த நூறுக்கு 600, கடைசி ஒரு யூனிட்டுக்கு 8. மொத்தம் 1958 ரூபாய். 1958-ல் 1725 போனால் 233. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! ஒரு மேசை ஃபேனை ஒரு பகல் பூரா ஓட்டினால் ஆகிற கரண்டுக்கு இந்த விலை.

நாள் தள்ளினால் யாருக்கு நட்டம்?

இதில் இன்னொரு வில்லங்கம் இருக்குது. 60 நாளுக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கணும். ஆள் பற்றாக்குறை, விடுமுறை, தேர்தல் வேலை என்று ஏதோ காரணத்தில் ஆறு நாள் தள்ளி 66-ம் நாள் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவரைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர் வேலையை அவர் ஒருத்தரே வெயிலில் அலைந்து செய்கிறார். ஆனால் கணக்கு என்ன ஆகிறது?

ஒரு வீட்டில் நாளுக்கு 8 யூனிட் ஓடுகிறது. அதே 2022 கட்டணப்படி 60 நாளில் எடுத்தால் 480 யூனிட், பில் 1605 ரூபாய். 66 நாளில் எடுத்தால் 528 யூனிட், பில் 2174 ரூபாய். "அடுத்த தடவை 54 நாள்தானே, அதில் குறைஞ்சிடுமே" என்பார்கள். குறையும். 54 நாளுக்கு 432 யூனிட், பில் 1317 ரூபாய். இரண்டையும் கூட்டுங்கள்: 3491. ஒழுங்காக 60 நாளில் இரண்டு முறை எடுத்திருந்தால் 3210. வித்தியாசம் 281 ரூபாய். வீட்டில் ஒரு சுவிட்சுகூடக் கூடுதலாகப் போடவில்லை. ஒரு யூனிட்கூடக் கூடுதலாக எரியவில்லை. நாள் தள்ளினதுக்கு மட்டும் 281 ரூபாய் நம்ம பையிலிருந்து போகிறது. ஒரு ஊரில் இப்படி நூறு வீடு இருந்தால் 28,100 ரூபாய்!

மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. 2022-ல் வந்தது கட்டண உயர்வு. மாதக் கணக்கு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதிலும் ஏமாறக்கூடாது. மாதக் கணக்கு என்று சொல்லி இலவச 100-ஐ 50 ஆக்கி, 500 வரம்பை 250 ஆக்கினால், கோடை மாதத்தில் 250-ஐத் தாண்டுகிற வீட்டுக்கு லாபம் ஒன்றும் வராது. வரம்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் கைதட்டணும்.

வாரம் ஒரு நாள், ஒரு நோட்டு

சரி, நாம் என்ன செய்யலாம்? பெரிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். பத்து ரூபாய் நோட்டு ஒன்று, பேனா ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் கறந்து ஊத்திட்டு வந்ததும் மீட்டரைப் பாருங்கள். திரையில் எண்கள் மாறி மாறி வரும். வோல்டேஜ் வரும், ஆம்பியர் வரும். நமக்கு வேண்டியது கிலோவாட் ஹவர் என்று ஆங்கில எழுத்தில் போட்டு வருகிற எண் மட்டும். அதுதான் யூனிட். தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு எழுதி, போன வாரத்து எண்ணைக் கழியுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தால் கணக்கும் வரும், பொறுப்பும் வரும்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு எண் சொல்கிறேன்: 58. வாரத்துக்கு 58 யூனிட்டுக்கு மேல் போகிற வீடு, இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டும். 200-க்குள் நிற்க நினைக்கிற வீட்டுக்கு வாரம் 23. முழு இலவசத்தில் நிற்கிற வீட்டுக்கு வாரம் 11. மூன்றாவது வாரமே தெரிந்துவிடும், நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று. பில் வந்த பிறகு அழுவதைவிட, மூன்றாவது வாரத்தில் முழித்துக்கொள்வது நல்லது அல்லவா?

ரீடிங் எடுக்கிற அன்றைக்கு மீட்டர் எண்ணை செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பில்லில் உள்ள எண்ணும் படத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்குதா என்று பாருங்கள். தேதியும் அதில் இருக்கும். நாளைக்கு மனு கொடுக்கும்போது அதுதான் நமக்குச் சாட்சி.

சத்தம் போடுவது எல்லாம் கரண்ட் தின்னாது

எந்தச் சாமான் எவ்வளவு தின்கிறது என்பதில் நம்ம ஊரில் பெரிய தப்புக் கணக்கு இருக்குது. கிரைண்டர் ஓடினால் மாமியார் சத்தம் போடுகிறார், "கரண்ட் போகுது, நிறுத்து" என்று. உண்மைக் கணக்கு பார்ப்போம். சாமானின் வாட்டை, ஓடுகிற மணியால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். இவ்வளவுதான் சூத்திரம்.

இரண்டு லிட்டர் கிரைண்டர் 150 வாட். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் ஆட்டினால் இரண்டு மாதத்துக்கு நாலரை யூனிட். மிக்சி 600 வாட், நாளுக்குப் பத்து நிமிஷம் என்றால் 6 யூனிட். செல்போன் சார்ஜர் ஒரு யூனிட்டோ ஒன்றேகாலோ. பாவம், இவைகளைத்தான் நாம் திட்டுகிறோம்.

சத்தம் இல்லாமல் தின்கிறவனைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். மூன்று ஃபேன் இருந்தால் 162. குளிக்க வாட்டர் ஹீட்டர் 2000 வாட், அரை மணி நேரம்தான் போடுகிறோம் என்றாலும் 60 யூனிட். இஸ்திரிப் பெட்டி 1000 வாட், தினம் அரை மணி என்றால் 30 யூனிட். வீட்டுத் தண்ணீருக்கு அரை எச்.பி. மோட்டார் தினம் ஒரு மணி நேரம் என்றால் சுமார் 33 யூனிட். பொடுசு வெளிச்சம் தருகிற "ஜீரோ வாட்" பல்பு இருக்குதே, பேருக்குத்தான் ஜீரோ. பழைய ரகம் 15 வாட் வரைக்கும் இழுக்கும். ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் 9 யூனிட். டி.வி.யை ரிமோட்டில் நிறுத்திவிட்டுப் படுக்கிறோம், செட் டாப் பாக்ஸ் விடிய விடிய முழித்திருக்கிறது. அது 10 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட், ஒருத்தரும் பார்க்காத படத்துக்கு! ஒன்றரை டன் ஏ.சி. போட்ட வீட்டில் மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும், ஆறு மணி நேரத்துக்கு 360 யூனிட் ஆகிவிடும்.

ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் கதவில் ஒட்டியிருக்கிற நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். நட்சத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டு வராதீர்கள். வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று அதில் அச்சடித்திருக்கும். அதை ஆறால் வகுத்தால் நம்ம இரண்டு மாதக் கணக்கு. 240 என்று போட்டிருந்தால் 40 யூனிட். கடைக்காரர் சொல்கிறதை விட்டுவிட்டு சீட்டு சொல்கிறதைக் கேளுங்கள்.

ஃபேன் மாற்ற வசதி உள்ளவர்கள், பி.எல்.டி.சி. என்கிற புது ரக ஃபேனைப் பார்க்கலாம். சுமார் 30 வாட்தான். 54 யூனிட் ஆன இடத்தில் 22 யூனிட்டோடு முடிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அதிக நேரம் ஓடுகிற ஃபேன் எதுவோ அதை முதலில் மாற்றுங்கள். 500-ஐ ஒட்டி நிற்கிற வீட்டுக்கு அந்த ஒரு ஃபேனே வரம்பைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

மீட்டர் கண் சிமிட்டுகிறது, எண்ணுங்கள்

புது மீட்டர்களில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். அது சும்மா அழகுக்கு இல்லை. மீட்டரின் முகப்பில் 3200 என்றோ 1600 என்றோ, வேறு ஏதாவதோ ஒரு எண் போட்டிருக்கும். அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு சாமானைப் போட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். அதை 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஆகிற யூனிட் வந்துவிடும். இஸ்திரிப் பெட்டி என்றால் நிமிஷத்துக்கு 53 முறை மின்னும். பழைய ஃபேன் என்றால் 4 முறை. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடும்போது 8 முறை மின்னினால் 150 வாட் இழுக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, இது பணத்தைவிடப் பெரிய விஷயம். வீட்டில் சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்தி, செருகியிருக்கிற பிளக் அத்தனையும் பிடுங்கிவிட்டு, மெயினை மட்டும் போட்டு வைத்துப் பாருங்கள். அப்போதும் விளக்கு மின்னிக்கிட்டே இருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. நனைந்த சுவரிலோ, மாட்டுக் கொட்டகைக்கு இழுத்த ஒயரிலோ, மோட்டாரிலோ கரண்ட் மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் பணம் போகும், நாளைக்கு மாடு போகும், பிள்ளைகூடப் போகும். உடனே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். மெயினையும் நிறுத்தின பிறகும் மின்னினால் மீட்டரிலேயே கோளாறு. மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அது நம்ம உரிமை.

"மீட்டரே வேண்டாம் என்றவன் மீட்டரைப் பார் என்கிறானே?"

சில பேர் கேக்கறாங்க: "ஏனுங்க செயலாளர், கிணத்து மோட்டாருக்கு மீட்டர் போடக்கூடாது என்று போராடுறோம், இங்கே வீட்டு மீட்டரைப் பாரு என்கிறீங்களே?" நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

கிணத்து மோட்டார் இலவசம் என்பது உயிர் கொடுத்து வாங்கின உரிமை. அங்கே மீட்டர் வந்தால், இன்றைக்கு எண்ணுவான், நாளைக்குப் பில் போடுவான் என்கிற நம்ம சந்தேகம் அனுபவத்தில் வந்தது. அந்த நிலையில் சங்கம் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. வீட்டு மீட்டரோ நம்மைக் கேட்டு வரவில்லை. எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. தினமும் நம்ம பணத்தை எண்ணுகிறது. எதிராளி கையில் கணக்கு இருந்து, நம்ம கையில் கணக்கு இல்லை என்றால் எந்தப் பேச்சுவார்த்தையில் ஜெயிக்க முடியும்?

அதோடு ஒரு எச்சரிக்கை. தோட்டத்து இலவச லைனிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்கிற வேலையை யாரும் செய்யாதீர்கள். பிடிபட்டால் அபராதம் மட்டும் இல்லை, இலவச மின்சாரத்தையே நிறுத்தணும் என்று எழுதுகிறவர்களுக்கு நாமே பேனா எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வரப்போவது இதைவிடப் பெரிசு

2023 ஜூனில் மத்திய அரசு மின்நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. அதன்படி விவசாய இணைப்பு தவிர, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய மற்ற இணைப்புகளுக்கு நேரத்துக்குத் தகுந்த கட்டணம். வெயில் நேரத்தில் குறைந்தது 20 விழுக்காடு குறைவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல். வீடுகளுக்கு 2025 ஏப்ரல் 1 என்று அந்த விதியிலேயே தேதி போட்டுவிட்டார்கள். மாநிலங்கள் இதை எப்படி நடைமுறைப்படுத்துகின்றன என்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கணும்.

கேட்டால் நல்லதாகத்தான் தெரியும். ஆனால் யோசியுங்கள். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் காட்டில் இருக்கிறோம். பொழுது சாய்ந்து வந்த பிறகுதான் விளக்கு, ஃபேன், சமையல், பிள்ளைகள் படிப்பு எல்லாம். தண்ணீர் மோட்டாரையும் கிரைண்டரையும் பகலுக்கு மாற்றலாம். பிள்ளை படிக்கிற விளக்கைப் பகலுக்கு மாற்ற முடியுமா? எந்த நேரத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று நம்ம நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான், "இந்த விதி உழைக்கிற குடும்பத்தை இப்படி அடிக்கிறது" என்று எண்ணோடு பேச முடியும். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி, ராத்திரி பத்து மணி என்று ஒரு வாரம் மட்டும் எழுதிப் பாருங்கள், விளங்கிவிடும்.

2022 ஆகஸ்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. எதிர்ப்பு நிறைய வந்தது, ஆனாலும் கட்டணம் ஏறியது. அடுத்த முறை கோபத்தோடு மட்டும் போகக்கூடாது, நூறு வீட்டு நோட்டோடு போவோம். ஆணையமாக இருந்தாலும், மின்பகிர்மான வட்டத்தில் இருக்கிற குறைதீர்க்கும் மன்றமாக இருந்தாலும், அதற்கு மேலே உள்ள மின்குறை தீர்ப்பாளராக இருந்தாலும், எழுதி வைத்த கணக்குக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

நமது கோரிக்கைகள்

1. ரீடிங் குறிப்பிட்ட நாளில் எடுக்க வேண்டும். நாள் தள்ளினால், ஓடின நாள் கணக்குக்குத் தகுந்தபடி வரம்பையும் கூட்டிப் பில் போட வேண்டும்.

2. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் கட்டணம். கீழே உள்ள சலுகையைப் பறிக்கும் முறையை ரத்து செய்ய வேண்டும்.

3. ஒவ்வொரு பில்லிலும் எத்தனை நாள் கணக்கு என்பதையும், எந்த வரம்புக்கு எவ்வளவு என்பதையும் தமிழில் தெளிவாக அச்சிட வேண்டும்.

4. காலியாக உள்ள கணக்கீட்டாளர் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

5. கிராமசபையில் விளக்கி ஒப்புதல் பெறாமல் எந்த ஊரிலும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தக் கூடாது. வீடுகளுக்கு நேரக் கட்டணம் கூடாது.

6. விவசாய இலவச மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது. கிணத்து மோட்டாருக்கு மீட்டர் கூடாது.

உழவர் பெருமக்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முதல் எண்ணை எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து நோட்டோடு கிளைச் சங்கத்துக்கு வாருங்கள். நாள் தள்ளிப் பில் வந்த வீடுகளையெல்லாம் பட்டியல் போட்டு, ஒன்றாக மனு கொடுப்போம். பதில் வராவிட்டால், அந்த நோட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டே குடும்பத்தோடு மறியலுக்கு உட்காருவோம்.

கணக்கு நம் கையில்! உரிமை நம் கையில்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!